ஈர மரத்தூளும் அக்கா சுமந்த பழியும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேர், அக்கா உயிரோடு இருந்தபோது அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கோழிக் கழிவு நாறும் வீடு என்றீர்கள். சேட்டின் கோழிகளைச் சோம்பலால் சாகடித்தவள் என்றும் சொன்னீர்கள். இன்று முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி சொல்வது முறை, கடைசியில் சொல்கிறேன். அக்காவின் மகள் என்னிடம், "மாமா, நீங்கதான் எழுதணும். ஒண்ணும் விடாம எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா நாங்குநேரிப் பக்கம் பிறந்தவர். பதினாறு வயதில் மணமாகித் தாராவிக்கு வந்தார். அத்தான் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா செம்பூரில் வேலைக்குப் போனார். அது போர்க்காலம். பட்டாளத்தின் சமையலுக்குக் கறிக்கோழி கொடுப்பதற்காக ஒரு சேட் அங்கே கொட்டகைகள் போட்டிருந்தார்.

கோழிகளுக்குக் கீழே உமி பரப்பி வைப்பதுதான் அக்காவின் வேலை. நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த உமி. தினமும் காலையில் அதைக் கிளறிவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டிகளைச் சுற்றிக் கட்டியாகிப் போனதை வெட்டி எடுத்துவிட்டுப் புது உமி போட வேண்டும். ஒரு கூட்டம் கோழி போனதும் எல்லாவற்றையும் வாரிக் கொட்டி, தரையில் சுண்ணாம்பு தூவி, காயவிட்ட பிறகுதான் அடுத்த குஞ்சுகளை விடலாம். அக்கா ஒரு பிடி உமியைக் கைக்குள் இறுக்கிப் பார்ப்பார். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அன்றைக்கு எல்லோருக்கும் ஏச்சு விழும். அக்கா இனிமையாகப் பேசுபவர் என்று இங்கே எழுதினால் அது பொய்.

என்னை ஊரிலிருந்து வரவழைத்து, சேட்டிடம் சொல்லி அந்தக் கொட்டகைக்கே மேஸ்திரியாக்கியவரும் அக்காதான். அதன்பின் வேலையில் நான் அவருக்கு மேலே ஆகிவிட்டேன்.

ஒரு மழைக்காலம். ரயில் பெட்டிகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போனதால் கல்யாண் அரிசி ஆலைகளிலிருந்து உமி வரவில்லை. பக்கத்து மரக்கடையில் மழையில் கிடந்த மரத்தூளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அக்கா கொட்டகை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"ஏல, ஈரத்தூள உள்ள கொட்டாத. காலு வெந்து அத்தனையும் செத்துப் போவும்."

"வேற என்ன செய்யச் சொல்லுத?"

"ரெண்டு நாள் பரப்பிக் காயவை. அதுவரைக்கும் இருக்கதக் கிளறிக்கிட்டுக் கெடக்கேன்."

கூலிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. "கோழிப்பீ வாருதவ எனக்குச் சட்டம் சொல்லாத" என்றேன். தூளைக் கொட்டச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் உள்ளே நுழைந்தாலே கண் எரிந்தது. கோழிகளின் பாதங்கள் வெந்து புண்ணாயின. பிறகு இரத்தக் கழிச்சல் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் கூடை கூடையாகச் செத்துக் கிடந்தன. சேட் வந்து காரணம் கேட்டார். "அவள் கிளறுவதே இல்லை, சேட்" என்று சொன்னேன்.

அக்கா அங்கேதான் நின்றார். உள்ளே போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே பிழிந்தார். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வடிந்தது.

"ஏல, இது நான் கிளறாம வந்த தண்ணியா? வாயத் தொறந்து சொல்லு."

"நிகாலோ இஸ்கோ" என்று சேட் கத்தினார். அக்காவை வெளியே தள்ளினார்கள். அவருக்கு வேலையும் கூலியும் இல்லாத அந்த மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் இறந்துபோனார். நான் போனேன். அக்கா வாசலை மறித்தார். "எம் புருசனத் தூக்க நீ வேண்டாம்" என்றார். தாராவியில் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் என் பேச்சைத்தான் நம்பினார்கள். சாவு வீட்டிலேயே அக்காவின் காதில் விழும்படி பேசினார்கள்.

அக்கா மகளோடு மான்குர்த் போய்த் தனியாகக் குடிசை போட்டு இருபது குஞ்சு வளர்த்தார். கல்யாணுக்குப் போய் உமி மூட்டையைத் தானே ரயிலில் கொண்டு வந்தார். அங்கேயும் அக்கம்பக்கத்தார் நாற்றம் என்று சண்டைக்கு வந்தார்கள். அக்கா கதவைத் திறந்துவிட்டு, "அந்தர் ஆவோ, சூங்கோ" என்றார். உள்ளே வந்து மோந்து பார்த்தார்கள். காய்ந்த உமி வாசனை மட்டுமே இருந்தது. திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு மராத்தியப் பெண் மட்டும் மறுநாளே வேலை கேட்டு வந்தார். கடைசி வரை அக்காவோடு இருந்தவர் அவர்தான். அந்த இருபது குஞ்சு நான்கு கொட்டகையானது. மகள் படித்து ஆசிரியை ஆனாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கா என்னோடு பேசவில்லை. படுத்த படுக்கையானதும் மகள் சொல்லி அனுப்பினாள். போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"யக்கா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

"எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அன்னைக்குக் கேட்டவங்ககிட்டச் சொல்லு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் இறந்தார். அன்று அங்கே நின்ற கூலிக்காரர்களில் ஒருவரும் இன்று இல்லை. சேட்டும் இல்லை. மிஞ்சியிருப்பது நீங்கள்தான்.

அக்காவின் தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொண்ட அந்த மராத்திய அம்மாவுக்கும், வீட்டுக்கே வந்து வைத்தியம் செய்த டாக்டருக்கும், பாடை சுமந்த மான்குர்த் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உறவினர்களே, வந்ததற்கு நன்றி. ஈரத்தூளைக் கொட்டச் சொன்னவன் நான். பழியை அக்காவின் மேல் போட்டவனும் நான். அக்கா ஒரு நாள்கூடக் கிளறாமல் இருந்ததில்லை. அன்று நான் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினீர்கள். இதையும் அப்படியே நம்புங்கள்.