வைக்கோல் போரில் இருபத்தொரு நாள்

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கோட்டை மலைக்குக் கீழே ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. நைனா அரிசி மில்லில் வேலை பார்த்தார். புறக்கடையில் மூன்று கோழிகளும் ஒரு சேவலும் வைத்திருந்தோம். அந்த நான்கும் எங்களை ஆட்டிவைத்த ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்தே வருகின்றன.

கோழி கொக்கரித்தால் போதும், நானும் தம்பியும் போட்டது போட்டபடி ஓடுவோம். யார் கை முதலில் கூடைக்குள் போகிறதோ அவருக்குத்தான் அன்றைய முட்டை. சூடு ஆறாத முட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சுகம் இருக்கிறதே, அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் முட்டியைச் சிராய்த்துக்கொள்ளலாம். நைனாகூட, "இன்னிக்கு எத்தினி?" என்று கேட்காமல் சைக்கிளை எடுக்க மாட்டார்.

காலையில் கூண்டைத் திறக்கும்போது ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, வாலுக்கு அடியில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கல் போல் தட்டுப்பட்டால் அன்றைக்கு முட்டை உண்டு. அந்தக் கோழியின் மேல் கூடையைக் கவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது இஷ்டத்துக்கு எங்கேயாவது போய் முட்டை வைத்துவிட்டு வரும். இந்தத் தொட்டுப் பார்க்கும் வேலை என்னுடையது. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

செவலைக் கோழி ஒன்று இருந்தது. சேப்பி என்று கூப்பிடுவோம். முட்டையும் பெரிது, கோபமும் பெரிது. ஒருநாள் என் புறங்கையை ரத்தம் வரக் கொத்திவிட்டது. அன்றிலிருந்து நான் அதைத் தொடுவதே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "சேப்பிக்கு இருக்குதாடி?" என்று கேட்டால், "இல்லம்மா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுத் திறந்துவிட்டுவிடுவேன். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா சொன்னாள், "ஞாயித்துக்கெழம உங்க மாமா வர்றாரு. முட்டை வெக்காத கோழிக்கு எதுக்குத் தீனி? சேப்பிய அறுத்துக் கொழம்பு வச்சிடலாம்."

என்னுடைய பொய்யால் அதன் தலை போகப் போகிறது. உண்மையைச் சொன்னால் என் முதுகுத் தோல் போய்விடும். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

சனிக்கிழமை சாயந்திரம் சேப்பி கூண்டுக்கு வரவில்லை. மலையடிவாரம் வரை தேடினோம். கீரிப்பிள்ளை தூக்கியிருக்கும் என்றார் நைனா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பார்வை பக்கத்து வீட்டின் மேல் போனது.

அது ஒரு சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள், முட்டையைக் கையால்கூடத் தொடாதவர்கள். அந்த வீட்டு அக்கா காயவைத்த நெல்லை எங்கள் கோழிகள் கிளறிவிட்டு வந்ததுண்டு. அந்த அக்கா தினமும் எங்கள் வாசலெதிரே இருந்த கிணற்றுக்குத்தான் தண்ணீருக்கு வருவார். சேப்பி காணாமல் போன மறுநாளிலிருந்து அவர் அங்கே வருவதையே விட்டுவிட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வேறு கிணற்றுக்குப் போனார். எதிரே அம்மா வந்தால் சந்தில் திரும்பிவிடுவார்.

"திங்க மாட்டாங்கதான். ஆனா புடிச்சு அவலூர்பேட்டை சந்தைக்கு அனுப்பிட்டிருப்பாங்க. தப்புப் பண்ணலன்னா எதுக்கு மூஞ்ச மறைக்கணும்?" என்று அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலிப் படலுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகவே பேசினாள். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. பழி என்மேல் இல்லையே.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் படலோரம் நின்றிருந்தேன். கீச் கீச் என்று சத்தம். படலைப் பிரித்து நுழைந்து ஓடினேன். அந்த அக்கா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க சேப்பிய நீங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து வைக்கோல் போரின் மறுபக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு குழிவில் சேப்பி சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு அடியிலிருந்து மஞ்சளும் கருப்புமாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. பதினொரு குஞ்சுகள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர், இன்னொன்றில் நொய். கோழி இருந்த இடத்தைத் தொடாமல் ஒரு பக்கமாகவே பிடுங்கிப் பிடுங்கி போர் கோணலாகச் சாய்ந்து, ஒரு முட்டுக்கட்டையில் நின்றுகொண்டிருந்தது.

"உங்கம்மா இத அறுக்கப்போறேன்னது எனக்கு இங்க கேட்டுச்சு. இது இத்தினி நாளா இங்க வச்ச முட்டைங்க மேலயே அடைக்கு உக்காந்துடுச்சி. சொன்னா தூக்கினு போயிடுவீங்க. எங்க கோழி வந்துச்சான்னு உங்கம்மா கேட்டுட்டா, என்னால பொய் சொல்ல முடியாது. அதான் அவங்க கண்ணுல படாம சுத்தினு திரிஞ்சேன். பொரிச்சதும் நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஒரு பொய் சொல்லாமல் இருக்க அவர் இருபத்தொரு நாள் தூரத்துக் கிணற்றில் தண்ணீர் சுமந்திருக்கிறார். நானோ நாளைக்கு ஒரு பொய்யாக அடுக்கியிருக்கிறேன்.

அழுதபடியே ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு அறை விழுந்தது. பிறகு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படலைத் தாண்டிப் போனாள். "அறியாம பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்றாள். அந்த அக்கா கேட்டது ஒன்றுதான். "இத மட்டும் அறுக்காதீங்க."

பதினொரு குஞ்சுகளும் சேப்பியும் ஊர்வலமாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நைனா மில்லுக்கு லீவு போட்டுவிட்டார். தம்பி ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் வைத்து, சாயந்திரத்துக்குள் எது எது என்று மறந்தும் போனான். சேப்பி வயதாகித் தானாகச் செத்தது. கடைசிவரை என்னைக் கொத்துவதை மட்டும் நிறுத்தவே இல்லை, நானும் தினமும் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இன்றைக்கும் வாய்க்கு வசதியாக ஒரு 'இல்லை' வந்து நிற்கும்போதெல்லாம், குடத்தோடு தெருவைச் சுற்றிப் போகும் அந்த அக்கா என் கண்முன் வருகிறார். பல நேரம் அந்த 'இல்லை'யைச் சொல்லாமல் நானும் சுற்று வழியிலேயே போய்விடுகிறேன்.