மகளின் இறுவட்டும் என் காதும்

வலிகாமத்தில் யார் புதிதாக ஓர் இறுவட்டு, அதுதான் பாட்டு சிடி, வெளியிட்டாலும் முதற்பிரதி வாங்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, அழைப்பிதழ்களைப் பார்த்தால் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கரியரில் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் கார் பற்றரியையும் கட்டிக்கொண்டு உரும்பிராயில் தொடங்கிய தொழில். இன்றைக்கு லொறி லொறியாக ஸ்பீக்கர் பொக்ஸ்களோடு நிற்கிறேன். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது பக்கத்தில் பட்டதாரிகள் நிற்பார்கள். அவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் பிரதிகள்தான்.

இப்போது இறுவட்டைப் போட்டுக் கேட்க அநேகமான வீடுகளில் கருவியே இல்லை. பாட்டெல்லாம் போனில் வந்துவிடுகிறது. ஆனாலும் விழா என்றால் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். அதனால் சும்மா கொஞ்சத்தை அடித்து, ரிபன் கட்டி, தாம்பாளத்தில் வைத்து வெளியிடுகிறார்கள். அண்மையில் நான் வாங்கியவற்றில் ஒரு பிள்ளையார் கோயில் பாடல்கள் இருந்தன. குருநகர்ப் பாடகர் குழு ஒன்றின் தேவ கீதங்கள் இருந்தன. கனடாவிலிருந்து வந்த பொடியன்களின் ராப் இருந்தது. அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. “அடி நல்லா இறங்குது” என்று மைக்கில் சொன்னேன். பொடியன்கள் என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள்.

பிறகு ஒரு புல்லாங்குழல் அல்பம் வந்தது. வீட்டில் என் நல்ல செற்றில் போட்டுக் கேட்டுவிட்டு, வாசித்தவருக்கே போன் எடுத்தேன்.

“தம்பி, மிருதங்கம் மட்டும்தான் பதிஞ்சிருக்கு. குழலைக் காணேல்லை.”

“ஐயா, உங்கடை பகிடிக்கு ஒரு அளவில்லை” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

அந்தக் கிழமையே மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தா. “குக்கர் கூவிக் கூவிச் சோறு அடிப்பிடிச்சிட்டுது. பக்கத்திலதானே இருந்தனீங்கள்? சிலை மாதிரி இருக்கிறியள்.”

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். மேல் சுருதிச் சத்தங்களைப் பிடிக்கிற நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது. இவ்வளவு காலமும் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்ற வினை. காதுக்குள் வைக்க ஒரு கருவி தந்தார். அதை வைத்தால் கோப்பை வைக்கிற சத்தமே தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். காது கேளாத சவுண்ட்காரனை எவன் பிடிப்பான்?

அந்த நேரத்தில்தான் மகளின் இறுவட்டு வேலை முடிந்தது. அவள் சண்டிலிப்பாயில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறாள். பல வருட ஆசை. கடைசிப் பாட்டை இரண்டு விதமாகப் பாடிப் பதிந்திருந்தாள். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வாத்தியம் ஒன்றும் இல்லை, உச்சத்தில் எடுக்கிற அவளுடைய தனிக் குரல் மட்டும்தான். எதைச் சேர்ப்பது என்று நான் சொல்லவேண்டுமாம்.

“படிச்ச ஆக்கள் ஆயிரம் சொல்லட்டும். எனக்கு உங்கடை காதுதான் அப்பா.”

இரண்டையும் போட்டாள். எனக்கு எங்கோ ஒரு பூச்சி இரைவதுபோல் ஏதோ கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது” என்றேன்.

“ஏன் அப்பா?”

“மூச்சு நல்லா நிக்குது.”

“சரி, நீங்கள் சொன்னால் சரி” என்றாள்.

வெளியீட்டன்று உரும்பிராயில் மண்டபம் நிறைந்த கூட்டம். சவுண்ட் செற் என்னுடையது, மிக்சரில் நின்றவரும் என்னோடு நெடுங்காலமாக வேலை செய்கிறவர். முன்வரிசைப் பெரியவர்களின் காதில் இடிக்கக்கூடாது என்று பொக்ஸ்களை நானே பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தேன். முதற்பிரதி வாங்குவதற்கு முன் மகள் அந்தக் கடைசிப் பாட்டைப் பாட வந்தாள். கண்ணை மூடினாள். வாய் திறந்தது. தொண்டை அசைந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சனம் ஆடாமல் அசையாமல் இருந்தது.

மைக் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். என் பிள்ளையின் நாளில், என் செற்றில். முன்வரிசையிலிருந்து எழும்பி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடு வழியால் பின்னுக்கு மிக்சரடிக்கு ஓடினேன்.

“மைக் நிண்டு போச்சு. பாத்துக்கொண்டு நிக்கிறாய், மடையா.”

“முதலாளி, சத்தம் வருது.”

“எங்கை வருது? வயரைப் பார்.”

அவர் மிக்சரைக் காட்டினார். பச்சை விளக்குகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் கீழே விழுந்து அணைந்தன. மகள் பாட்டை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் மறுபடி தொடங்கிப் பாடி முடித்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், முதற்பிரதியும் தந்தார்கள். மைக்கை நீட்டியபோது கும்பிட்டுவிட்டு இறங்கினேன். “அண்ணைக்கு மனம் நிறைஞ்சு போச்சு, கதை வரேல்லை” என்று அறிவிப்பாளர் சமாளித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்கு நேரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அவளுடைய வாயைப் பார்த்துத்தான் பாதியை விளங்கிக்கொண்டேன்.

“எப்ப தொடக்கம் அப்பா?”

“கொஞ்சக் காலமா.”

“அப்ப அந்த ரெண்டாவது?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தை நாடியில் பிடித்து நிமிர்த்தினாள். தன் வாய் எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

“நான் முதலாவதைத்தான் போட இருந்தனான்” என்றாள்.

இறுவட்டு அடித்தாகிவிட்டது. போன்களிலும் அது பரவிவிட்டது. இனி அதை எடுத்து மாற்ற வழியில்லை.

அடுத்த நாள் பின்னேரம் போனில் சுருதியை வைத்துக்கொண்டு என் காதடிக்கு வந்து இருந்தாள். கட்டையைக் குறைத்து, அந்தப் பாட்டையே அடித்தொண்டையில் பாடினாள். கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் அவளுடைய குரல் அந்த இடத்துக்கு உரியதல்ல. கரகரத்து, ஒவ்வொரு அடியிலும் உடைந்தது. அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு என் காது இன்னும் இருந்தது.

“கேக்குதோ அப்பா?”

“ஓம், கேக்குது.”

“நல்லாயிருக்கோ?”

“தொண்டை கெட்டுப்போகும். விடு பிள்ளை.”

“இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாக்கட்டே?” என்றாள். நான் கையைக் காட்டி மறிக்க முதலே சுருதியை இன்னும் குறைத்துவிட்டாள்.