இரைச்சல் இல்லாத ரேடியோ

பெண்பிள்ளை ஊரறியப் பாடுவதா என்று அப்பாவுக்குக் கோபம். அக்கா திருச்சி ரேடியோவில் பாடப் போனதிலிருந்து இரண்டு வருஷம், அவர் அவளுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டு பாடுகிறேன் என்று அவள் எழுதியதும், அப்பாவை எப்படியாவது கேட்க வைப்பது என்று முடிவு கட்டினேன்.

குறுக்கே நின்றது நானே செய்த பேட்டரி ரேடியோ. எங்கள் நாமக்கல்லுக்கு வருவதற்குள் திருச்சிப் பாட்டு இளைத்துப்போகும். சத்தம் போதவில்லை என்று, ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வால்வு இன்னொன்றைச் சேர்த்தேன். பாட்டோடு இரைச்சலும் பெருத்தது. மணலில் கடலைக்காய் வறுக்கிற சத்தம். "பாட்டு எப்பங்க, வறுத்து முடிச்ச பொறவுங்களா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. ஏரியலை ஒட்டிய முதல் வால்வு சலசலத்தால், பின்னால் உள்ளவை அதையும் சேர்த்தே கத்தும். அடங்கி இருக்க வேண்டியது முதல் ஆள்தான். எங்கள் குடும்பத்துக்கும் இது பொருந்தும், சொல்லத்தான் தைரியமில்லை. ஆறு வால்வுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இருப்பதில் சாதுவான ஒன்றைப் பிடித்தேன். எர்த் கம்பியைக் கிணற்றடி ஈரத்தில் இறக்கினேன். இரைச்சல் ஒழிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அன்னேரத்துக்கு நான் ஊட்டுலயே இருக்க மாட்டேன்" என்றார் அப்பா. சனிக்கிழமை சரியாக அன்னேரத்துக்குத் துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். துண்டு தோளில்தான் கிடந்தது. தனியாகக் கேட்கட்டும் என்று நான் எர்த் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றப் போய், வேண்டுமென்றே தாமதித்தேன்.

திரும்பியபோது பேட்டரி ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அவ பேரைச் சொன்னாங்க சாமி. அப்பறம் மூச்சே இல்ல. செத்துப்போச்சாட்டம் இருக்குதுன்னு கழட்டிட்டேன். மாட்டத் தெரியல."

பெயர் சொன்னதற்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற சின்ன இடைவெளி அது. முன்பென்றால் ரேடியோ அப்போதும் இரைந்துகொண்டிருக்கும். நான் பாடுபட்டு ஒழித்த இரைச்சல்தான், அவருக்கு ரேடியோ உயிரோடு இருப்பதன் அடையாளம். ஆத்திரத்தோடு ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். வால்வுகள் சூடேறி அக்காவின் குரல் வந்தபோது கடைசி இரண்டு அடிதான் மிச்சம்.

அப்பா அசையாமல் கேட்டார். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குக் கடுதாசி எழுது. அப்பன் கேட்டான், மொதல்ல இருந்து கேக்க முடியலைன்னு போடு. மறுக்கா எப்பப் பாடறான்னு கேளு."

வாசல்வரை போய்த் திரும்பினார். "இதுல கொஞ்சம் இரைச்சலை வெச்சுடு சாமி. சத்தமே இல்லாட்டி, இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷமாக மகளிடம் மூச்சுக் காட்டாதவர் இதைக் கேட்டார். கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதினேன்.