பாலில் விட்ட சொட்டு

துவாக்குடித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் மாடு வாங்கிக் கட்டியதிலிருந்து எனக்கு அதிகாரிகளைக் கண்டாலே ஆகாது. அவர்களுக்கும் என்னைக் கண்டால் ஆகாது.

ஒரு நாள் காலை சித்திரை வீதியில் என் வண்டியை மறித்தவர், உணவைச் சோதிக்கும் அதிகாரி. பால் கெடாமலிருக்க நான் மருந்து ஊற்றுகிறேன் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். கறந்த சூடே ஆறவில்லை, இதற்கு எதற்கு மருந்து என்று கேட்டேன். “அதை லேப்ல சொல்வாங்க” என்றார். கேனிலிருந்து பாலை மொண்டு பாட்டிலில் ஊற்றினார். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பாட்டிலுக்குள் சில சொட்டு விட்டு, குலுக்கி, மூடி, அரக்கு வைத்தார். நானும் எருமை மாடு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு வந்தது. பாலில் ஃபார்மலின். பிணம் அழுகாமலிருக்கப் போடும் மருந்து! என் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். பேத்திக்கு என் பாலைத் தவிர வேறு பால் கொடுக்காத மூலை வீட்டு மாமி, நடுத்தெருவில் நின்று, “பச்சக் கொழந்தைக்கு விஷத்தைக் குடுத்திருக்கியே, நீ நன்னா இருப்பியா?” என்று கத்தினார். நிஜமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. கறந்த பாலைச் சாக்கடையில் கொட்டினேன். மாட்டை விற்றுவிடலாம் என்றாள் மனைவி.

நேராக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன்.

“அன்னிக்குப் பாட்டில்ல என்னமோ விட்டீங்களே, அது என்ன சார்?”

“சாம்பிள் கெடாம இருக்கிறதுக்குங்க. பால் சாம்பிள்னா எப்பவும் விடுறதுதான்.”

“அதுக்குப் பேரு?”

“ஃபார்மலின்” என்றவர், மேசையிலிருந்த என் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி படித்தார்.

கொழுப்புப் பார்க்க எடுக்கும் பாலில் விட்டுப் பழகிய கை, மருந்து இருக்கிறதா என்று பார்க்க எடுத்த பாலிலும் விட்டுவிட்டது. இதற்கு ஒரு படிப்பு, ஒரு ஜீப்பு, கதவைத் திறந்துவிட ஓர் ஆள். நான் அங்கே பேசியதை எழுத்தில் போட முடியாது.

மறுபடி பால் எடுத்தார்கள். இந்தத் தடவை ஐஸில் வைத்துக் கொண்டுபோனார்கள். பாலில் ஒன்றுமில்லை என்று வந்தது. “தப்பு நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் அதிகாரி. வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீதிக்கு வந்து அதையே நாலு பேரிடம் சொல்லுங்கள் என்றேன். அதற்கு விதியில் இடமில்லையாம்.

நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்தார். எனக்கே மனசு இளகிவிட்டது. கேனைச் சாய்க்கும்போது குரலைத் தாழ்த்தி, “ஏம்ப்பா, இப்பல்லாம் ஒண்ணும் கலக்கறதில்லையே?” என்றார்.

கேனை நிமிர்த்தி மூடினேன்.

“கலக்குறேன் மாமி. குடம் குடமாக் கலக்குறேன். நீங்க பாக்கெட் பாலே வாங்கிக்குங்க.”

மறுநாள் வீதி முழுக்க ஒரே பேச்சு. பால்காரன் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டானாம்.