மாரியண்ணன் கேட்ட கதவு

காலைப் பால் பொங்கி வரும் நேரத்தில் கஸ்தூரி ஓடிவந்தாள். கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். "அக்கா, மாரியண்ணன் போயிட்டாருங்க" என்றாள். "எங்க போனாரு, கோயமுத்தூருக்கா? எங்கிட்ட சொல்லாமப் போவ மாட்டாரே" என்று நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அன்றைக்கு நான் டீ போடவில்லை.

மைதானத்து கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவள் நான். ஐந்தாவதோடு நின்றவள். நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டார்கள். நல்லது இருக்கும்வரை எழுதுகிறேன். அதற்குப் பிறகு இருப்பதையும் எழுதுவேன்.

அண்ணனை உங்களுக்குத் தெரியும். நம்ம ஊட்டி காந்தலில் பிறந்து, இதே கல்லூரியில் படித்து, மாநில அணிக்குக் கோல் காத்தவர். முட்டி போன பிறகு இதே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் தற்காலிக வேலைக்கு வந்தார். கடைசிவரை தற்காலிகம்தான். எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை இல்லாமல் ஒரு நாளும் விடியாது. "ஏனுங்கம்மணி, இது டீயா, டம்ளர் கழுவுன தண்ணியா?" என்பார். "ஸ்டேட் பிளேயருக்குன்னு தனி டீ இல்லீங்கண்ணா. கோடு போட்ட சுண்ணாம்பு மிச்சமிருந்தாக் கொண்டாங்க, கெட்டியாக் கலக்கித் தாரேன்" என்பேன். குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்று இன்னொரு தகராறு செய்வார்.

விளையாடும் பெண்கள் உடை மாற்ற மைதானத்தில் இடம் கிடையாது. என் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் சாய்ப்பில்தான் மாற்றுவார்கள். மறைப்புக்கு ஒரு சாக்குப் படுதா. ஒருநாள் எவனோ அதன் சந்தில் செல்போனை நீட்டிவிட்டான். நாங்கள் துரத்தியும் ஆள் அகப்படவில்லை. உள்ளே இருந்தவள் பார்வதி. இடது காலால் அவள் அடித்தால் எந்த கீப்பராலும் நிறுத்த முடியாது. மறுநாள் முதல் அவள் மைதானத்துக்கு வரவில்லை. பிறகு கல்லூரிக்கும் வரவில்லை. அண்ணன் அவள் வீடுவரை போய்ப் பேசிப் பார்த்தார். அவள் அப்பா கோபப்படவில்லையாம். "அங்க கதவு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த நாள் ஒரு துணிமூட்டையோடு கடைக்கு வந்தார். விழாவுக்கு விழா அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கனமாகத் தைத்திருந்தார். "குளுருக்கும் ஆவாது, மழைக்கும் ஆவாது. இதுனால என்னதான் பிரயோசனம்னு இத்தன வருசம் யோசிச்சேனுங்க" என்று சொல்லிக்கொண்டே சாய்ப்பில் மாட்டினார். ஜரிகை பளபளத்தது. "கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்கண்ணா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இது கதவு இல்லீங்கம்மணி" என்றார்.

கடைசி வருடப் பிள்ளைகள் போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கல்லூரிக்கு ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். ஒரு வருடம் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வந்தது, ஒரு வருடம் சிமெண்ட் பெஞ்சு வந்தது. அந்த வருடம் மாரியண்ணனுக்குச் சிலை என்று முடிவு செய்து அவரையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். டீ கொடுக்கப் போன நான் கடைசி வரிசையில் கேத்தலோடு நின்றேன். அண்ணன் மைக்கைப் பிடித்தார். "எனக்குச் செல வேண்டாமுங்க. ஆடற புள்ளைங்க துணி மாத்த ஒரு ரூம் கட்டிக் குடுங்க. கதவு வெச்சு."

கைதட்டல். மேடையில் இருந்தவர், "பார்த்தீர்களா, இதுதான் தன்னடக்கம்!" என்றார். அண்ணன் குரலை உயர்த்தி, "நெசமாத்தானுங்க சொல்றேன், வேண்டாம்" என்றார். விசில் பறந்தது. மூன்றாவது முறை வாயைத் திறப்பதற்குள் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. கடைக்கு வந்து உட்கார்ந்தவர், "வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல செல ஒசந்துக்கிட்டே போவுதுங்கம்மணி" என்றார். பிறகு, "கையத் தட்டுனா பந்து நிக்காதுங்க. கையக் குடுத்தாத்தான் நிக்கும்" என்றார். மாணவர்களே, அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

சிலை செய்தவர் கோபுரப் பொம்மைகள் செய்து பழகியவர். அதனால் அண்ணனுக்கு இல்லாத மீசையும் உருட்டு விழியும் வந்து சேர்ந்தன. பந்து வைத்திருக்கும் முனீஸ்வரன் மாதிரி இருந்தது. நான் அதற்கு 'உங்க தம்பி' என்று பெயர் வைத்தேன். ஊட்டி மழைக்கு எதன் மேலும் பாசி பிடிக்கும். தம்பியை மட்டும் விட்டுவிடுமா? தேய்த்துக் கழுவும் வேலையையும் அண்ணன் தலையிலேயே கட்டினார்கள். தேங்காய் நாரும் வாளியுமாக, தன் கன்னத்தைத் தானே தேய்த்துக்கொண்டு சாரலில் நிற்பார். "தம்பிக்கு எண்ணெயும் வெச்சு உடுங்கண்ணா" என்று கூவுவேன். ஒருமுறை, மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்தவர், "கொஞ்சம் நகருங்க பெரியவரே, போட்டோவுல செல மறையுது" என்றார். நகர்ந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் அவர்கள் போன பிறகு சிலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "மூக்கு மட்டும் என்னுதாட்ட வரலீங்கல்ல?" என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் கிண்டல் பண்ணவில்லை.

சாவன்று பெரிய மாலை சிலைக்குப் போனது. காந்தல் வீட்டுக்குச் சின்ன மாலை வந்தது. இரங்கல் கூட்டத்தில், இந்த வருடப் பிள்ளைகளின் பணத்தில் சிலை நனையாமல் இருக்க விளக்கு வைத்த கூரை போடலாம் என்று ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். நனைந்து நனைந்து நெஞ்சுச் சளி வந்து செத்தவருக்கு இப்போது கூரை.

கஸ்தூரி எழுந்தாள். "சார், கூரை போடறதுன்னா நாலு பக்கமும் செவுரும் வெச்சு, ஒரு கதவும் மாட்டிருங்க. நாங்க உள்ள துணி மாத்திக்கறோம். அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கட்டும்" என்றாள்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அதைத் தன்னடக்கம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் முடிவு செய்யலாம் என்று கலைந்தார்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொன்னாடைப் படுதாதான். இன்று சாயங்காலமும் பிள்ளைகள் அதன் பின்னால்தான் மாற்றுவார்கள். நான் வெளியே கரண்டியோடு நிற்பேன். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. இரங்கல் கூட்டத்தன்று நீங்கள் சிலைக்குப் போர்த்திய புதுப் பொன்னாடை மழையில் ஊறிக் கிடந்தது; எடுத்துவந்து துவைத்து, கிழிசலில் வைத்துத் தைத்துவிட்டேன். காணோம் என்று தேடுகிறவர்கள் கடைக்கு வாருங்கள். கதவோடு வந்தால் கழற்றித் தருகிறேன்.