மூடியக்காவும் ஆறு வார்த்தைப் பூட்டும்

அந்த விக் கடையில் வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொண்டவளுக்கு ‘மூடியக்கா’ என்று பெயர் வைத்தது முதலாளிதான். வேலை முடிக்கடையில், வாயோ எப்போதும் மூடி. யாருக்கு உச்சியில் மட்டும் வழுக்கை, யாருக்குக் காது ஓரம் கொஞ்சம் நரை வேண்டும் என்பதெல்லாம் பதினாறு வருடமாக அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாடிக்கையாளர் தெருவில் எதிரே வந்தால், மின்கம்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, ஃபோட்டோக்காரர் மூன்று பேர் தலையிலும் அவர்கள் கடைச் சரக்கு. கூட வந்த கணவனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவரின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, நோயாளிகளின் விவரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கேள்விப்பட்ட முதலாளி கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து புலம்பினார்.

“பல்லு விஷயம்னா யாரும் கவலைப்பட மாட்டாங்க. நம்ம லிஸ்ட் வெளிய போச்சுன்னா, ஊர்ல பாதிப் பேர் வீட்டை விட்டே வரமாட்டாங்க. மீதிப் பேர் நம்மள அடிக்க வருவாங்க!”

நெட்வொர்க் வேலை பார்க்கும் ஓர் அம்மாளை வரவழைத்தார். ஏணியும் ஒயர் சுருளுமாக வந்தவர், “முதல்ல ஃபயர்வால் போட்டுரலாம்ணே” என்றதும், முதலாளி பீரோவை நகர்த்த ஆரம்பித்தார்.

“எதுக்குண்ணே?”

“சுவர் கட்ட இடம் வேண்டாமா?”

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ஃபயர்வால் வாசல் காவலாளி மாதிரி. இணையம் வழியாக வருவது எது, போவது எது என்று பார்த்து, வேண்டாததைத் தடுத்துவிடும். காவலாளியையும் ஏமாற்றி ஒருவன் உள்ளே வந்துவிட்டால்? அதற்குத்தான் என்கிரிப்ஷன். கோப்பு முழுவதையும் யாருக்கும் புரியாத கிறுக்கலாக மாற்றிவிடும். கடவுச்சொல்லைப் போட்டால்தான் மறுபடி படிக்க முடியும். அது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு வார்த்தைகளாக இருக்கட்டும் என்றார். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பத்திரமான இடத்தில் வைக்கவும் சொன்னார்.

“எழுதி வெச்சா அது என்ன ரகசியம்? நம்ம மூடி இருக்கா, அது போதும்” என்று முதலாளி மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாளின் கண் சுவர் அலமாரியில் பட்டது. வாடிக்கையாளர்களின் மாற்று விக்குகள் இருந்த இருநூறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் பெயர்.

“கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு, இதை இப்படிக் கடை விரிச்சு வெச்சிருக்கீங்களே!”

அன்றே பெயர்களைக் கிழித்துவிட்டு எண்களை ஒட்டினார்கள். எந்த எண் யாருடையது என்பது பூட்டிய கோப்பில் மட்டும்.

மூடியக்கா மண்டையைக் குடைந்து ஆறு வார்த்தை பிடித்தாள். மறுநாள் காலை கணவன் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்: “ஏம்மா, ஒட்டகத்துக்கு எதுக்குப் பொத்தான்?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார் சொன்னா உங்களுக்கு?”

“நீதான், தூக்கத்துல. ஒட்டகம், பொத்தான், ஏணி, வெள்ளரி, தும்மல், கண்ணாடி. நான் ‘சரிம்மா’ன்னு சொன்னப்புறம்தான் நிறுத்தினே.”

கடைக்கு ஓடிப்போய் மாற்றினாள். மறுநாள் அவன் புதியதையும் ஒப்பித்தான், வரிசைகூடப் பிசகவில்லை. இப்படியே ஐந்து கடவுச்சொல் போயிற்று. ஆறாவதைப் போட்ட அன்று, கணவனின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்த பிறகே படுத்தாள். காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நிம்மதியாகக் கடைக்குப் போனாள்.

ஒன்பதரை மணிக்குக் கல்லூரி முதல்வர் ஒருவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் மனைவி விக்கைத் துணியோடு துணியாக வெந்நீரில் துவைத்துவிட்டாராம். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பூனைக்குட்டிக்கு வேண்டுமானால் போடலாம்.

“பதினொரு மணிக்குப் பட்டமளிப்பு விழாம்மா. ஆயிரம் பேர் வர்றாங்க. என்னோட இன்னொரு விக்கைக் குடுங்க.”

மூடியக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். குடை, நத்தை... அப்புறம்? வெள்ளரியா, ஒட்டகமா? ஆறு நாள் வார்த்தைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஐந்து முறை தப்பாக அடித்ததும், அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது.

முதலாளிக்குப் பொறுமை இல்லை. “ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துருவோம் சார்” என்று கைக்கு வந்த பெட்டிகளைத் திறந்தார்.

“ஐயோ, அது அடுத்தவங்க தலைங்க!” என்று மூடியக்கா குறுக்கே பாய்ந்தும் பயனில்லை. முதல் பெட்டியில் சுருட்டை முடி. முதல்வர் நாடக மேடையிலிருந்து பாதியில் ஓடிவந்தவர் போல இருந்தார். அடுத்தது தோள்வரை தொங்கியது. மூன்றாவதை வாங்கியவர், மாட்டாமல் உற்றுப் பார்த்தார்.

“இந்த வகிடு... இது எங்க துணை முதல்வரோடது மாதிரி இருக்கே?”

மூடியக்கா அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “எந்தத் துணை முதல்வர் சார்?”

உட்கார்ந்தபடியே கணவனுக்கு ஃபோன் போட்டாள். “ராத்திரி நான் என்னங்க சொன்னேன்?”

“நீதானே பஞ்சை வெச்சு அடைச்சே! இடி விழுந்திருந்தாக்கூடக் கேட்டிருக்காது. இரு, இரு... பக்கத்து வீட்டு அக்கா ஏதோ சொல்லணுமாம்.”

அந்த அக்கா ஃபோனை வாங்கினாள். “நமக்கு நடுவுல இருக்கறது ஒத்தைச் செங்கல் சுவர்தானேம்மா. மூணு தடவை சொன்னே. குடை, நத்தை, தபால், முள்ளங்கி, விசில், மாமியார். மாமியாரைக் கொஞ்சம் சத்தமாவே சொன்னே. குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

அரை மணி கழிந்ததும் கோப்பு திறந்தது. நூற்றுப் பதினெட்டு! விக்கை மாட்டிக் கண்ணாடி பார்த்த முதல்வருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டை மறந்துவிட்டு ஓடினார்.

மூடியக்கா முதலாளியைக் கேட்காமலே நெட்வொர்க் அம்மாளை வரச் சொன்னாள். வந்தவர் முதலாளியை வைத்து வாங்கினார். புதிய கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய உறை அன்றே இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. கட்டைவிரல் அளவில் ஒரு சாவிக் கருவியும் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகாமல் வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் கோப்பைத் திறக்க முடியாது. கோப்பின் பிரதியும், அதே கிறுக்கலாக, வேறோர் இடத்தில் இருந்தது. மூடியக்கா கருவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கணவனின் காதுக்கு விடுதலை கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, ஃபேன் ரிப்பேர் என்று வந்த ஒருவன், எல்லோரும் பின்னறையில் சாப்பிடும்போது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான்.

“போச்சு! எல்லாத் தலையும் போச்சு!” என்று முதலாளி தன் தலையில் கை வைத்தார்.

“வெறும் கம்ப்யூட்டர்தாங்க போச்சு” என்றாள் மூடியக்கா. மறுநாள் புதுக் கம்ப்யூட்டரில் பிரதியை ஏற்றி, வழக்கம் போல வேலையைத் தொடங்கினாள். மத்தியானம் ஃபோன் அடித்தது.

“விக் கடையா? கம்ப்யூட்டர்ல இந்த நம்பர் ஒட்டியிருந்துது. உள்ள எல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கே, எப்படிப் படிக்கிறது?”

“அதுக்குச் சாவி வேணும்பா. என்கிட்டதான் இருக்கு. நேர்ல வா, தர்றேன்.”

அவன் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, “வேண்டாம்க்கா” என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை கடை வாசலில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. உள்ளே பழைய கம்ப்யூட்டர். திருடன் கை பட்டதை மறுபடி இணைப்பில் மாட்டவே கூடாது என்று நெட்வொர்க் அம்மாள் சொல்லிவிட்டார். முதலாளி அதன் மேல் ஒரு பொம்மைத் தலையை வைத்து, சிவப்பு விக் மாட்டி, தெரு பார்த்த ஜன்னலில் நிறுத்தினார்.