தொண்ணூறு நாள் கழித்து வரும் பணம்

சிறு வியாபாரிகளை வளர்த்துவிடுவதும், கடனில் சிக்கியவர்களைத் தூக்கிவிடுவதும் என் வேலை. அலுவலகம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரில். பாதி நாள் காரிலேயே கழியும். பீடோங்கில் முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அக்காவைக் கடனில் சிக்கவைத்ததே நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் நான்கு பெண்களை வைத்து அவர் தொழில் செய்துவந்தார். பீடோங், ஜித்ரா மளிகைக் கடைகள் கையில் காசு கொடுத்து வாங்கின. பெரிதாகச் செய்யலாமே என்று ஆரம்பித்தவன் நான். ஒரு பேரங்காடியின் ஆர்டரைத் தேடிக் கொடுத்தேன். இயந்திரம் வாங்க வங்கிக் கடன் மனுவையும் எழுதினேன். அந்த ஆண்டு அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

பேரங்காடி தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் தரும். விற்காததைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டும் ஒப்பந்தத்தில் இருந்தன. நான் படித்திருந்தேன். மாவும் எண்ணெயும் சம்பளமும் அதுவரை காத்திருக்காது என்பது எனக்கு உறைத்தது, அக்கா மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை என்று தெரியவந்தபோதுதான்.

அன்றே ஓடினேன். திரும்பி வந்த பாக்கெட்டுகள் கொட்டகையின் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. அக்கா தேநீர் கொடுத்தார்.

"நீ நல்லதுக்குத்தான் தம்பி சொன்ன. நானும் ஆசப்பட்டேன் லா. இப்ப என்ன செய்றது, அத சொல்லு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த ஆர்டர விட்டுடலாம்க்கா. மெஷின வித்துடலாம்."

"ஆளுங்கள?"

தேநீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் அக்கா இரண்டு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார். அப்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், வேல பெருசாக போவுது, இன்னும் ஆள் எடுப்பாங்கன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?" ஆமாம் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வங்கிக்கு இரண்டு முறை போனோம். இயந்திரம் விற்ற பணத்தைக் கட்டியதும், மீதிக் கடனை இன்னும் மூன்று ஆண்டுக்கு நீட்டித்தார்கள். தவணை பாதியாகக் குறைந்தது.

பேரங்காடிக்காக விட்டுவந்த பழைய கடைக்காரர்களிடம் தனியாகப் போக அக்காவுக்குக் கூச்சம். நான் காரில் கூட்டிப்போனேன். முதல் மூன்று கடைகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜித்ரா கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெரிய எடத்துக்கு போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"போனேன் அண்ணே. சறுக்கிருச்சு. திரும்ப வந்திருக்கேன்."

கடையில் வேறொருவரின் முறுக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அக்காவின் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை உடைத்து வாயில் போட்டார். மென்று முடிக்கும்வரை நாங்கள் நின்றோம்.

"இருவது பாக்கெட் வச்சிட்டு போங்க. காசு இப்பவே தர்றேன். ஓடுதான்னு பாப்போம்."

காரில் ஏறியதும் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, "அடுத்த கடைக்கு போ தம்பி" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தவணை தவறுவதில்லை. நிறுத்தப்பட்ட இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். என்னிடம் கேள்வி கேட்டவர் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாராம். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் போகவில்லை.

இப்போதெல்லாம் யார் வியாபாரத்தைப் பெரிதாக்க யோசனை கேட்டாலும், பணம் எந்த நாளில் கைக்கு வரும் என்றுதான் முதலில் கேட்கிறேன். வருகிறவர்களைப் பயமுறுத்துகிறேன் என்கிறார் மேலாளர். போன வாரம் கோலா கெடாவில் கருவாடு விற்கும் ஒரு பெண் இரண்டாவது கடை திறக்கலாமா என்று கேட்டார். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் வாடியது. திரும்பும் வழியில் இரண்டு முறை காரை ஓரங்கட்டி, அவரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். திறங்கள் என்று சொல்வதா, பொறுங்கள் என்றே விடுவதா என்று தெரியாமல் இரண்டு முறையும் திரும்ப வைத்துவிட்டேன்.